மார்பில் ரேடியேஷன் கொடுத்தால் பின்னாளில் இதயம் கெடுமா?

கேள்வி சுருக்கமாக இது: அம்மாவுக்கு 1998இல் இடது மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் செய்தார்கள், அப்புறம் ரேடியேஷன் கொடுத்தார்கள். புற்று திரும்ப வரவே இல்லை. இப்போது 71 வயதில் இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். அன்று கொடுத்த ரேடியேஷன்தான் காரணமா? அக்காவுக்கும் இப்போது இடது மார்பில் கட்டி எடுத்திருக்கிறார்கள், அவர் ரேடியேஷனுக்கு ஒப்புக்கொள்ளலாமா? போதாததற்கு, அம்மாவுக்கு இத்தனை சி.டி. ஸ்கேனும் ஆஞ்சியோவும் எடுப்பது இதயத்தை இன்னும் கெடுக்காதா?

புற்றுநோய் சிகிச்சைக்கான கதிர்வீச்சைக் கணக்கிட்டுத் திட்டம் போடும் வேலை எனக்கு. நான் டாக்டர் இல்லை, மருத்துவ இயற்பியல்காரன். அதனால் அளவுகளை வைத்தே பேசுகிறேன்.

ஆமாம், மார்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். அதில் இன்று யாருக்கும் சந்தேகம் கிடையாது. எவ்வளவு கூட்டும் என்பதுதான் விஷயம், அது இதயத்துக்குள் எத்தனை கிரே போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே. புற்றுநோய் சிகிச்சையில் கட்டிக்குப் போவது பத்துக்கணக்கான கிரே. ஸ்கேனில் உடம்புக்குப் போவது மில்லிகிரே, அதாவது கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். அம்மா, அக்கா, ஸ்கேன் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில் வருவது இதனால்தான்.

1960கள் வரை இதயம் கதிர்வீச்சுக்கு அசையாத உறுப்பு என்றே நம்பினார்கள். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் கொல்லும், இதயத் தசைச் செல்களோ பெரும்பாலும் பிரிவதே இல்லை, ஆகவே பயமில்லை என்பது வாதம். அந்த நம்பிக்கை உடைந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று வந்த நோயாளிகளால். இருபது, முப்பது வயதுக்காரர்கள். கழுத்து, அக்குள், நடு மார்பு எல்லாவற்றையும் சேர்த்து 40 கிரே அளவில் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். இதயத்தின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் இதய உறையில் நீர் கோத்திருப்பதையும், தசை தழும்பேறி விறைத்திருப்பதையும் விவரித்து எழுதினார்கள். 1993இல் அதே இடத்திலிருந்து 2232 ஹாட்ஜ்கின் நோயாளிகளின் கணக்கு வெளிவந்தது. இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு. இருபது வயதுக்கு முன்பே சிகிச்சை எடுத்தவர்களுக்கு அது இன்னும் எவ்வளவோ மேலே போனது.

தசைச் செல் சாகவில்லை என்றால் இதயம் எப்படிக் கெடுகிறது? அடி விழுவது ரத்தக் குழாயின் உட்சுவரில். ஒற்றைச் செல் தடிமனில் உள்ள மெல்லிய படலம் அது. கதிர் பட்டதும் அங்கே அழற்சி தொடங்குகிறது, வெள்ளணுக்கள் வந்து ஒட்டுகின்றன, ரத்தம் உறையும் சுபாவம் கூடுகிறது. தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக அடைபட்டுக் குறைகின்றன. ரத்தம் குறைந்த இடத்தில் நார்த்திசு படர்கிறது. அப்படிப்பட்ட இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் சரியாக விரியாது. எக்கோவில் பம்பிங் அளவு 60 சதவீதம் என்று நல்லபடியாகத்தான் வரும், ஆளுக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் பெரிய கரோனரிக் குழாய்களில் நடப்பது வேறு. எல்லோருக்கும் வயதானால் வருகிற அதே கொழுப்புப் படிவு, இங்கே முன்கூட்டியே, கூடுதலாக வருகிறது. குழாய் தொடங்கும் வாயிலேயே அடைப்பு இருப்பது கதிர்வீச்சின் ஒரு அடையாளம். இடது பக்க வால்வுகளில் சுண்ணாம்பு படிவது இன்னொன்று. அது வெளியே தெரியப் பத்து, இருபது வருடம்கூட ஆகலாம்.

இந்தக் கால இடைவெளிதான் பெரிய சிக்கல். ரேடியேஷன் கொடுத்த டாக்டர் 5 வருடம் பார்த்து, புற்று இல்லை என்று அனுப்பிவிடுவார். இருபது வருடம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் இதய டாக்டருக்கு அந்தப் பழைய கதை தெரியாது. நோயாளியும் சொல்ல மாட்டார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிடுவார்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்தவர்களைப் பற்றி இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது சாரா டார்பி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற 2168 பெண்கள். ஒவ்வொருவரின் பழைய சிகிச்சைத் தாளையும் தேடியெடுத்து, இதயத்துக்கு எவ்வளவு போயிருக்கும் என்று திரும்பக் கணக்குப் போட்டார்கள். சராசரி 4.9 கிரே. இதயத்தின் சராசரி அளவு ஒரு கிரே கூடும்போது மாரடைப்பு போன்ற பெரிய கரோனரி நோய் வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் தென்படவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கூடுதல் ஆபத்து முதல் 5 வருடத்துக்குள்ளேயே தொடங்கி, இருபது வருடத்துக்குப் பிறகும் நீடித்தது.

அம்மாவின் இதயத்துக்குப் போனது 5 கிரே என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து இடது பக்க சிகிச்சைக்கு அது பொருந்தாத ஊகம் அல்ல. 5 பெருக்கல் 7.4 என்றால் 37. சாதாரணமாக 100 பேருக்கு அடைப்பு வரும் இடத்தில் 137 பேருக்கு வரும். அந்த 137 பேரில் 37 பேருக்குத்தான் ரேடியேஷன் காரணம், அதாவது நூற்றுக்கு 27. மீதி 73 பேருக்கு ரேடியேஷன் எடுக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். 10 கிரே என்றால் அந்தப் பங்கு 43 சதவீதத்துக்கு ஏறும். அம்மா எந்தக் கூட்டத்தில் என்று எந்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. 71 வயது, பி.பி., சுகர் எல்லாம் இருந்தால் அவையும் பங்காளிகள். ரேடியேஷன்தான் செய்தது என்று அடித்துச் சொல்பவரையும், சம்பந்தமே இல்லை என்று கையை உதறுபவரையும் நான் நம்ப மாட்டேன்.

இதில் வழக்குத் தொடர்கிற மாதிரி காரணம் தேடுவதைவிட முக்கியமானது, ரேடியேஷன் எடுத்த விஷயம் இப்போது பார்க்கும் இதய டாக்டருக்குத் தெரிந்திருப்பது. அது சிகிச்சையையே மாற்றக்கூடும். உதாரணமாக பைபாஸ் என்று முடிவானால், மார்பெலும்புக்குப் பக்கத்தில் ஓடும் தமனியை எடுத்துத்தான் வழக்கமாக ஒட்டுப்போடுவார்கள். பழைய ரேடியேஷன் அந்தத் தமனியின் மேலேயே விழுந்திருக்கலாம், முன்கூட்டியே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மகாதமனி முழுக்கச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதில் கிளாம்ப் போடுவதே ஆபத்து. நெஞ்சைத் திறந்த காயம் ஆறவும் நாளாகும். வால்வைத் திறந்த ஆபரேஷனில் மாற்றாமல், தொடை வழியாக மாற்றுவதைச் சிலருக்குத் தேர்ந்தெடுப்பதற்கு இதெல்லாம் காரணம். நெஞ்சுவலியே தெரியாமல் அடைப்பு முற்றுவதும் இவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய சிகிச்சைத் தாளில் எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், கோபால்ட் மெஷினா லீனியர் ஆக்ஸிலரேட்டரா என்ற விவரம் இருக்கும். அதைத் தேடியெடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வருடமும் பக்கமும் சொன்னாலே போதும், ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிடலாம். கீமோவில் ஆட்ரியாமைசின் என்ற சிவப்பு மருந்து ஏறியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இதயத் தசையை நேரடியாகப் பாதிக்கும், இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் சுமை.

இப்போது ஸ்கேன் பயம். குறைந்த அளவுக் கதிர்வீச்சும் இதயமும் என்பது இன்னும் சண்டை ஓயாத இடம். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பிய 86,611 பேரை 1950 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்ததில், ஒரு கிரேக்கு இதய நோய் மரணம் 14 சதவீதம் கூடியது தெரிந்தது. ஆனால் அரை கிரேக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அந்தக் கணக்கில் தெளிவாக இல்லை. ரஷ்யாவின் மாயக் புளூட்டோனியம் ஆலைத் தொழிலாளர்கள், செர்னோபில்லில் துப்புரவுக்குப் போனவர்கள், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் அணு ஆலைகளில் வேலை பார்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று பல கூட்டங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 2023இல் 93 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இதய, ரத்தக்குழாய் நோய்கள் மொத்தத்துக்கும் ஒரு கிரேக்கு 11 சதவீதம் கூடுதல் என்று வந்தது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2012இலேயே அரை கிரேயைக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்துவிட்டது.

மார்பு சி.டி. ஒன்றில் இதயத்துக்குப் போவது 10 மில்லிகிரே அளவில், அதாவது 0.01 கிரே. அந்த 11 சதவீதம் இவ்வளவு கீழேயும் அப்படியே பொருந்தும் என்று ஒப்புக்கொண்டாலும், ஒரு ஸ்கேனுக்குக் கூடுவது 0.11 சதவீதம். நூற்றுக்குப் பத்தாக இருந்த ஆபத்து 10.011 ஆகும். பி.பி. மாத்திரையை ஒரு வாரம் மறப்பதோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது. ஆஞ்சியோவில் இதைவிடக் கொஞ்சம் கூடப் போகலாம், ஸ்டென்ட் வைக்க நேரம் இழுத்தால் இன்னும் கூடும், இருந்தாலும் சிகிச்சை அளவுக்குக் கிட்டக்கூட வராது. அடைபட்ட குழாயைத் திறக்கும் வேலையை இந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லாத ஸ்கேனை மறுக்கலாம், அது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கு இதயத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செல்போன், வைஃபை பற்றியும் யாராவது கேட்பார்கள். அவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி இல்லாத அலைகள். மேலே சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

சின்ன எண்ணிக்கைகளை வைத்து வரும் தலைப்புச் செய்திகளிலும் கவனமாக இருங்கள். நிலவுப் பயணம் போன அப்போலோ வீரர்களுக்கு விண்வெளிக் கதிர்வீச்சால் இதய நோய் அதிகம் என்று 2016இல் ஒரு கட்டுரை பரபரப்பாக ஓடியது. இறந்த 7 பேரில் 3 பேர் என்பதுதான் அதன் அடிப்படை. ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ கதையே மாறிவிடும்.

அக்காவுக்கு வருவோம். அம்மா சிகிச்சை எடுத்தபோது பல இடங்களில் சாதாரண எக்ஸ்-ரே படத்தைப் பார்த்தே பீம், அதாவது கதிர்க்கற்றை, எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். படத்தில் இதயம் ஒரு வெள்ளை நிழல், அவ்வளவுதான். இன்று திட்டமிடுவதற்காகவே ஒரு சி.டி. எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் இதயத்தின் எல்லையைக் கோடு போட்டு வரைகிறோம். இடது மார்பில் பீம் சாய்வாக, மார்புக்கூட்டை உரசிக்கொண்டு போகும். இதயத்தின் முன் விளிம்பும், அதன் மேல் இறங்கும் இடது முன் கரோனரிக் குழாயும் அந்தப் பீமின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். இப்போது அதே ஆளை மூச்சை நன்றாக உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லி இன்னொரு சி.டி. எடுத்தால், நுரையீரல் உப்பி இதயத்தைப் பின்னாலும் கீழேயும் தள்ளிவிடும். மார்புச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை திறப்பதைத் திரையில் பார்க்கலாம், காற்று நிறைந்த நுரையீரல் அது. பீம் அந்தக் கறுப்பு வழியாகப் போய்விடும். சிகிச்சையின்போது நோயாளி 20 விநாடி போல மூச்சைப் பிடிக்க வேண்டும். மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், மூச்சு நழுவினால் பீம் தானாக நின்றுவிடும். எழுபது வயதுக்காரர்கள்கூட ஒரு நாள் பயிற்சியில் பழகிவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு இந்த முறையில் இதயத்தின் சராசரி அளவை 1, 2 கிரேக்குள் அடக்கிவிட முடிகிறது.

சராசரி என்ற அந்த ஒற்றை எண்ணில் எனக்கு முழுத் திருப்தி கிடையாது. இதயம் முழுவதையும் சேர்த்து 2 கிரே என்று அழகாக வரும் திட்டத்தில், அந்த முன் கரோனரிக் குழாயின் ஒரு துண்டு மட்டும் 20 கிரே வாங்கியிருக்கலாம். அதனால் அந்தக் குழாயையும் தனியாக வரைந்து அதன் அளவையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இன்று பல இடங்களில் செய்கிறார்கள், செய்யாத இடங்களும் உண்டு. மார்பெலும்புப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றால் இதயத்துக்குப் போகும் அளவு கூடும், அங்கே குறித்த ஆழத்தோடு நின்றுவிடும் புரோட்டான் கதிர் சிகிச்சை கைகொடுக்கும். மார்பகத்தை மட்டும் பார்த்துப் பேசக் கூடாது என்பதற்கு ஒரு விஷயம்: நுரையீரல் புற்றுக்கு 60 கிரேக்குப் பதில் 74 கிரே கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையின் முடிவு 2015இல் வந்தது. கூடுதலாக வாங்கிய நோயாளிகள்தான் சீக்கிரம் இறந்தார்கள், சராசரியாக 20 மாதம், மற்றவர்களோ 29 மாதம். இதயத்துக்குப் போன அளவும் அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. நுரையீரல், உணவுக்குழாய் நோயாளிகளின் இதயத்தைப் பற்றி எங்கள் துறை உண்மையில் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு அக்கா ரேடியேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றியவர்களில், ரேடியேஷன் கொடுக்காவிட்டால் 10 வருடத்துக்குள் நூற்றுக்கு 35 பேருக்குப் புற்று திரும்பியது, கொடுத்தால் 19 பேருக்கு. 15 வருடத்தில் புற்றால் இறப்பவர்கள் நூற்றுக்கு 25லிருந்து 21 ஆகக் குறைந்தார்கள். இதயக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்: வேறு இதயச் சிக்கல் இல்லாத 50 வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் 3 கிரே போனால், 80 வயதுக்குள் இதய அடைப்பால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறது. நாலு உயிர் லாபம், அரை உயிர் நஷ்டம். மூச்சுப் பிடிக்கும் முறையில் அந்த அரையும் குறையும். புகை பிடிப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. விடாமல் புகைக்கிறவருக்கு ரேடியேஷனால் வரும் இதய மரணம் நூற்றுக்கு 1, புகைக்காதவருக்கு 0.3. ரேடியேஷனால் நுரையீரல் புற்று வரும் ஆபத்தும் புகைப்பவருக்கு 4 சதவீதம் வரை போகிறது, அங்கே லாபத்தை நஷ்டம் தின்றுவிடும். பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் ஏற்கெனவே இருந்தால் அந்த ஆபத்தின் மேல்தான் ரேடியேஷனின் சதவீதம் ஏறுகிறது, ஆகவே சிகிச்சை தொடங்கும்போதே இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டி அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவருவது நல்லது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், எந்த மருந்துக்கும் அடங்காத ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு இருந்த 5 பேருக்கு, கோளாறு கிளம்பும் இடத்தைக் குறிவைத்து ஒரே தடவையில் 25 கிரே கொடுத்தார்கள். கோளாறு வெகுவாக அடங்கியது. இந்தச் சிகிச்சை இப்போது பல நாடுகளில் சோதனையில் இருக்கிறது. நாங்கள் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்துத் தவிர்க்கும் உறுப்புக்கே வேண்டுமென்று கொடுக்கிறார்கள்.

அக்கா டாக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மூச்சுப் பிடிக்கும் முறை இங்கே உண்டா, என் திட்டத்தில் இதயத்தின் சராசரி எவ்வளவு, முன் குழாய்க்கு எவ்வளவு என்று கேட்கட்டும். நியாயமான கேள்விகள் இவை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த எண்களை எழுதி வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும். இதயத்தின் சராசரி 15 கிரேக்கு மேல் போனவர்களுக்கு 5 வருடம் கழிந்ததிலிருந்து 5, 10 வருடத்துக்கு ஒருமுறை அடைப்புக்கான பரிசோதனை செய்யலாம் என்று ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி சொல்கிறது. அக்கா அந்த அளவுக்குப் போக வாய்ப்பே இல்லை, வழக்கமான பி.பி., கொலஸ்ட்ரால் கவனிப்பு போதும். கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம், அதாவது ஹெர்-2 பாசிட்டிவ், என்று வந்து அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி போடுவதாக இருந்தால் மட்டும், அது ஓடும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள், அதில் ஒன்றையும் தவறவிட வேண்டாம்.